முடி நேராக்கல்: பாட்டிலைக் காட்டச் சொன்னீர்களா?

இந்த மாதம் வந்ததில் பாதிக்கு மேல் ரீபாண்டிங், ஸ்மூத்தனிங், கெரட்டின் என்று பார்லரில் மருந்து பூசி முடியை நேராக்குவது பற்றிய கடிதங்கள்தான். அதிலும் பாதி, எல்லாம் முடிந்த பிறகு எழுதியவை. செய்வதற்கு முன்னால் எழுதினால் எனக்கும் வேலை குறையும், உங்களுக்கும் முடி மிஞ்சும்.

ரீபாண்டிங் செய்தால் இனிமேல் முளைக்கும் முடியும் நேராக வருமா? (திருப்பூர் வாசகி)

வராது. சுருளைத் தீர்மானிப்பது தோலுக்குள் இருக்கும் வேர்ப்பை. கிரீம் அங்கே போவதில்லை. போர்டில் 'பெர்மனென்ட்' என்று எழுதியிருப்பது பூசிய நீளத்துக்கு மட்டும்.

12 நாளில் கல்யாணம். இப்போது ரீபாண்டிங் செய்யலாமா? (மதுரை)

வேண்டாம். ஏதாவது கோளாறானால் சரிசெய்ய நாள் இல்லை. அப்புறம் இன்னொன்று: நேராக்கிய முடி வழுக்கும். சவுரி வைத்துப் பின்னி, அதன்மேல் முழம் முழமாக மல்லிகையை ஏற்றினால் தாலி கட்டுவதற்குள் ஜடை கழுத்துக்கு இறங்கிவிடும். இறங்காமலிருக்க ஊசி ஊசியாகக் குத்துவார்கள்; மருந்து பட்ட முடி அங்கேயே அறும். உங்கள் சுருட்டை முடிதான் ஜடையைப் பிடித்து நிறுத்தும். ரிசப்ஷனுக்கு நேராக வேண்டுமென்றால் அன்று சாயங்காலம் அயர்ன் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடமாக மாதம் ஒருமுறை கருப்பு ஹென்னா போடுகிறேன். பார்லரில் கேட்டபோது எதுவும் போடவில்லை என்று சொல்லிவிட்டேன். கழுவும்போது முடி ரப்பர் மாதிரி இழுபட்டு அறுந்தது. யார் மேல் தப்பு? (சேலம்)

ஏன் மறைத்தீர்கள்? திட்டுவார்கள் என்றா? வெறும் மருதாணிப் பொடி என்றால்கூட முடிமேல் படிந்து, மருந்தைச் சீராக உள்ளே விடாது. கருப்பு ஹென்னா என்று விற்பதில் பெரும்பாலும் பிபிடி என்ற ரசாயனச் சாயம் இருக்கும், சிலவற்றில் உலோக உப்பும் இருக்கும். உலோக உப்பு ஏறிய முடியில், நேராக்கியதை நிலைக்க வைக்கக் கடைசியில் பூசும் நியூட்ரலைசரின் பெராக்சைடு பட்டால் சூடேறி முடி வெந்துபோகும்.

பார்லரையும் விடமாட்டேன். காதுக்குப் பின்னாலிருந்து நாலு இழை வெட்டி, அதில் கிரீம் போட்டுப் பார்த்திருந்தால் சேதம் அந்த நாலோடு போயிருக்கும். ஸ்ட்ராண்ட் டெஸ்ட் செய்யாத இடத்தில் உட்காராதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது! இனி சீரம், ஸ்பா என்று பணத்தைக் கொட்டாமல் கெட்ட பகுதியை வெட்டிவிடுங்கள்.

ஐந்து மாதம். வளைகாப்புக்கு ஸ்மூத்தனிங்? (பெயர் வேண்டாம்)

பிரசவமாகி, பால்குடி மறந்த பிறகு பார்க்கலாம்.

'ஃபார்மலின் இல்லாத ஆர்கானிக் கெரட்டின்' என்றார்கள். அயர்ன் வைத்ததும் கண்ணில் நீர் கொட்டியது. 'சகஜம்தான்' என்றார் அங்கிருந்த பெண். உண்மையா? (கோவை)

இல்லை. கெரட்டின் என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். முடியே கெரட்டின் என்ற புரதம்தான். பாட்டிலுக்குள் இருக்கும் கெரட்டின் எதையும் நேராக்காது. வேலையைச் செய்வது பெரும்பாலும் ஃபார்மால்டிஹைட்; அதைத் தண்ணீரில் கரைத்தால் ஃபார்மலின். லேபிளில் மெத்திலீன் கிளைக்கால் என்று இருந்தாலும் அது தண்ணீரில் கரைந்த அதே சரக்குதான். 200 டிகிரிக்கு மேல் அயர்ன் பட்டதும் வாயுவாகக் கிளம்பும். உயிரியல் லேபில் தவளை ஊறிய ஜாடியின் நெடி நினைவிருக்கிறதா? அதுதான். புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் இருக்கிறது. 'இல்லை' என்று லேபிள் ஒட்டிய சரக்கிலேயே அது இருந்ததைக் கண்டு, அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை 2011-ல் எச்சரிக்கையே விட்டது.

நானும் இதைச் செய்தவள்தான். ஏசி போட்டுக் கதவைச் சாத்திய அறையில் ஒரு நாளைக்கு மூன்று தலை. சாயங்காலம் தொண்டை கம்மிவிடும். கூட வேலை செய்த பெண் மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு அயர்ன் பிடிப்பாள். நீங்கள் வருடத்துக்கு இரண்டு முறை முகரும் புகையை அந்தப் பெண்கள் தினமும் முகர்கிறார்கள். உங்களிடம் 'சகஜம்' என்று சொன்னவருக்கு அது பழகியே போயிருக்கும்.

சரி, ஃபார்மால்டிஹைடை விட்டார்கள் என்றால் பல சரக்கில் கிளையாக்சிலிக் அமிலம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அது வேறு வம்பு. 26 வயதுப் பெண் ஒருவர் மூன்று தடவை நேராக்கிக்கொண்டார். மூன்று தடவையும் வாந்தி, முதுகுவலி, சிறுநீரகப் பாதிப்பு. பிரெஞ்சு மருத்துவர்கள் 2024-ல் இதை எழுதினார்கள். தலைத்தோல் வழியாக உள்ளே போய், ஆக்சலேட் படிகமாகிச் சிறுநீரகத்தை அடைக்கிறது என்பது அவர்கள் எலிகளில் செய்து பார்த்த சோதனையின் முடிவு. இஸ்ரேலிலும் இருபது பேருக்கு மேல் இப்படிச் சிக்கினார்கள். செய்துகொண்ட ஓரிரு நாளில் வாந்தியும் முதுகுவலியும் வந்தால், சிறுநீர் குறைந்தால், ஆஸ்பத்திரிக்குப் போய் முடி நேராக்கியதை முதலில் சொல்லுங்கள். நீங்களாகச் சொல்லாவிட்டால் டாக்டருக்குக் கேட்கத் தோன்றாது.

பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். லேபிளைப் போட்டோ எடுங்கள். கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மகளுக்கு 12 வயது. ரீபாண்டிங் கேட்டு அழுகிறாள்.

அழட்டும்.

நேராக்கினால் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது... (தஞ்சாவூர்)

வாட்ஸ்அப் பாதியைத்தான் சொல்லும். அமெரிக்காவில் 33,000-க்கு மேற்பட்ட பெண்களை ஏறக்குறைய 11 வருடம் கவனித்த ஆய்வு 2022-ல் வந்தது. நேராக்காதவர்களில் 70 வயதுக்குள் நூற்றுக்கு ஒன்றரைச் சொச்சம் பேருக்கு அந்த நோய். வருடத்துக்கு நாலு முறைக்கு மேல் செய்தவர்களில் நூற்றுக்கு நாலு என்று கணக்கிட்டார்கள். எந்த பிராண்டு, அதில் என்ன மருந்து என்ற விவரம் அதில் இல்லை. அதனால் இதுதான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சும்மா சும்மா டச்சப்புக்கு ஓடுகிறவர்களை நிறுத்த எனக்கு இது போதும். வருடத்துக்கு ஒருமுறை, புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

ஆன்லைனில் கிட் வாங்கினேன். தலை எரிகிறது. எவ்வளவு நேரம் பொறுக்கலாம்? (நாகர்கோவில்)

ஒரு நிமிடம்கூடக் கூடாது. ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவுங்கள். கொப்புளம் வந்தால் தோல் டாக்டரைப் பாருங்கள். என்ன கிட் என்று எழுதத் தோன்றவில்லையே! சோடியம் ஹைட்ராக்சைடு என்று இருந்தால், அடைத்த குழாயைத் திறக்க ஊற்றுகிறோமே, அதே காரம். முன்பே ரீபாண்டிங் செய்த முடியில் அதைப் போட்டால் முடி கையோடு வந்துவிடும். கடிதம் எனக்கு வந்து சேரவே பத்து நாள் ஆகியிருக்கிறது. இதற்குள் கழுவியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மூன்று வருடம் நேராக்கினேன். என் சுருட்டை முடி திரும்ப வேண்டும். என்ன எண்ணெய் தேய்க்கலாம்? (திருச்சி)

எந்த எண்ணெயும் திருப்பாது. வளர்த்து வெட்டுவதுதான் வழி. சுருளும் நேரும் சேரும் இடத்தில்தான் முடி அறும். அங்கே அகலப் பல் சீப்பு, நுனியிலிருந்து மேல்நோக்கி. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். உங்களுக்கு இடுப்பு வரை முடி என்று எழுதியிருக்கிறீர்கள், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.