படியூர்க் கல்லும் ஒரு சொல்லும்

‘ஆங்கிலச் சொற்களெல்லாம் தமிழிலிருந்து போனவை என்று ஒரு பட்டியல் எங்கள் வாட்ஸப் குழுவில் சுற்றுகிறது. ‘வன்’ (one) என்பது நம் ‘ஒன்று’, ‘க்ரை’ (cry) என்பது நம் ‘கரைதல்’ என்று போகிறது. கல்லூரி விழாவில் பேச வேண்டும். கட்டுமரம், மிளகுத்தண்ணி போக இன்னும் பத்துச் சொற்கள் தர முடியுமா?’
ஒரு மாணவர், காங்கேயம்.

அன்புள்ள தம்பி,

பத்து தரமாட்டேன். ஒன்று தருகிறேன், அதுவும் உங்கள் பக்கத்துச் சொல்.

முதலில் அந்தப் பட்டியலை அழியுங்கள். க்ரை பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, அதை விடுங்கள். ‘வன்’னைப் பாருங்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’. அந்த ‘வ’ பிற்பாடு வந்து ஒட்டியது. ஒட்டாத பழைய ஒலி ‘அலோன்’, ‘ஓன்லி’ இரண்டிலும் இன்றும் இருக்கிறது. காலத்தில் பின்னோக்கிப் போகப் போக நம்மை நெருங்க வேண்டிய சொல் விலகியல்லவா ஓடுகிறது! முகச்சாயல் இருந்தால் உறவாகிவிடுமா? பெண் கேட்டுப் போனால் என்ன கூட்டம், எந்தக் குலதெய்வம் என்று கேட்கிற ஊர் நம்முடையது. சொல்லையும் அப்படி விசாரியுங்கள். எந்த ஊர் வழியாக, யார் வாயில், எந்தச் சரக்கோடு போனது?

என் அப்புச்சிக்குப் படியூர்ப் பக்கம் காடு. உழவு ஓட்டிய காட்டில் மழை விட்ட மறுநாள், காலை வெயில் சாய்வாக விழும்போது குனிந்து நடப்பார். மண்ணில் ஏதாவது மினுங்கினால் எடுத்து, எச்சில் தொட்டு வேட்டியில் துடைத்து, என் உள்ளங்கையில் வைப்பார். வெளிர்நீலக் கல். “பட்டைய எண்ணு கண்ணு” என்பார். எண்ணுவேன், ஆறு. யாரும் செதுக்கியதல்ல, விளைவதே அப்படி.

அந்தக் கல்லுக்கு ஆங்கிலத்தில் பெரில் (beryl). நான் தருகிறேன் என்ற சொல் அதுதான். முதல் நூற்றாண்டில் ரோமாபுரி எழுத்தாளர் பிளினி, இது இந்தியாவில் விளைவது, வேறெங்கும் அரிது, ஆறு பட்டையாகத் தீட்டுகிறார்கள் என்று எழுதிவைத்தார். கடல்நீர் நிறத்தை உயர்வாகச் சொன்னார். நொய்யல் கரையில் கொடுமணலை 1985 முதல் தோண்டியபோது கல் அறுத்து மணி செய்த பட்டறைகளே வெளிப்பட்டன, பெரிலும் கிடைத்தது. கோவை வட்டாரத்தில் ரோமானியக் காசு புதையல் புதையலாக அகப்பட்டது சும்மாவா?

சரக்கோடு சொல்லும் போனது. பிராகிருதத்தில் வேளுரியம், கிரேக்கத்தில் பெரில்லோஸ், லத்தீனில் பெரில்லுஸ், அப்புறம் பிரெஞ்சு வழியாக ஆங்கிலம். அந்த வேளுரியத்தின் வேர் திராவிடம் என்று மொழியறிஞர் பலர் கருதுகிறார்கள். வைடூரியமும் அதே சொல்தான், நாமோ அந்தப் பெயரை வேறொரு கல்லுக்குக் கொடுத்துவிட்டோம். ஜெர்மன்காரர் மூக்குக்கண்ணாடிக்குச் சொல்லும் ‘ப்ரில்ல’வும் இதே பெரில்தான்.

விழாவுக்கு முன்னால் மழை பெய்தால் திருப்பூர் சாலையில் படியூருக்கு ஒரு நடை போய்வாருங்கள். காட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள், காலையிலேயே போங்கள்.