நேஷனல் மெரிட் கடிதம் கல்லூரியில் இடம் வாங்கித் தருமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். 12ஆம் வகுப்பில் இருக்கும் மகளுக்கு நேஷனல் மெரிட் உதவித்தொகைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பிஎஸ்ஏடி தேர்வில் செலக்‌ஷன் இண்டெக்ஸ் 221. 'கமெண்டட்' (பாராட்டு மட்டும்) என்று கடிதம் வந்திருக்கிறது. அதற்கு மேல்படியான செமிஃபைனலிஸ்ட் ஆகவில்லையே என்று அழுகிறாள். அட்மிஷனுக்கு இது உதவுமா? தம்பி 10ஆம் வகுப்பு. அவனையாவது பயிற்சியில் சேர்க்கட்டுமா?

பதில்: முதலில் அழுகையை நிறுத்துவோம். மொழிப் பகுதி மதிப்பெண்ணை இரட்டித்து, கணிதத்தைக் கூட்டி, 10ஆல் வகுத்தால் வருவதுதான் இந்த இண்டெக்ஸ், அதிகபட்சம் 228. மொழியில் 730, கணிதத்தில் 750 எடுத்தால் 221. அதுவே மொழியில் 750, கணிதத்தில் 730 என்றால் 223! இரண்டுக்கும் மொத்தம் 1480தான். போதாததற்கு, செமிஃபைனலிஸ்ட் கட்ஆஃப் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூ ஜெர்சி எப்போதும் உச்சத்தில் இருக்கும். இதே 221ஐ வயோமிங்கில் படித்து எடுத்திருந்தால் உங்கள் மகள் செமிஃபைனலிஸ்ட்.

அட்மிஷனுக்கு வருவோம். கட்ஆஃப் பார்த்து கவுன்சலிங்கில் சீட் எடுத்த தலைமுறை நாம். ஒரு எண் கதவைத் திறக்கும் என்றே மனம் நம்புகிறது. இங்கே அப்படி இல்லை. கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வு மதிப்பெண் கையில் இருக்கும் கல்லூரிக்கு, இந்தக் கடிதம் அதே சேதியைத்தான் மறுபடி சொல்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அட்மிஷனுக்கு எஸ்ஏடியையே பார்ப்பதில்லை. செமிஃபைனலிஸ்டுகளிலிருந்து தேர்வாகும் ஃபைனலிஸ்டுகளின் அறிவிப்போ பிப்ரவரியில்தான் வரும். பெரும்பாலான விண்ணப்பங்கள் ஜனவரித் தொடக்கத்திலேயே போய்விடும். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் விருதுகளுக்கு 5 இடங்கள் உண்டு. அவள் உழைத்துச் செய்த வேறு ஏதாவது இருந்தால் அது முதலில். மிச்ச இடத்தில் இது. அதற்காக எழுதாமல் விட்டுவிட வேண்டாம்.

இதன் நிஜமான பலன் பணத்தில் இருக்கிறது, அதுவும் ஃபைனலிஸ்டுகளுக்கு. நேஷனல் மெரிட் அமைப்பு நேரடியாகத் தருவது ஒரே ஒரு முறை 2,500 டாலர்; கல்லூரியில் ஒரு செமஸ்டர் செலவுக்குக் காணாது. ஆனால் அலபாமா பல்கலைக்கழகம், டல்லாஸிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் போன்றவை, தங்களை முதல் விருப்பமாகக் குறிப்பிடும் ஃபைனலிஸ்டுக்குக் கல்விக் கட்டணத்தையே ஏற்கின்றன. ஹார்வர்டு போன்ற இடங்களில் தகுதி உதவித்தொகையே கிடையாது. குடும்ப வருமானத்தை வைத்துத்தான் உதவி.

ஆகவே தம்பி விஷயத்தில் ஒரே கேள்விதான்: அலபாமாவுக்கோ டல்லாஸுக்கோ அனுப்ப மனம் இருக்கிறதா? இருந்தால், 11ஆம் வகுப்பு அக்டோபர் தேர்வுக்கு, மொழிப் பகுதிக்குக் கூடுதல் நேரம் கொடுத்துத் தயார் செய்யுங்கள். 10ஆம் வகுப்பில் எழுதுவது ஒத்திகைதான், கணக்கில் வராது. மனமில்லை என்றால் எஸ்ஏடிக்குப் படிப்பதே போதும்.

அப்புறம், பலர் கோட்டை விடும் ஒன்று: சில நிறுவனங்கள், ஃபைனலிஸ்ட் ஆகாத தங்கள் ஊழியர்களின் பிள்ளைகளுக்கும் இந்த அமைப்பின் வழியாக உதவித்தொகை தருகின்றன. தனி விண்ணப்பம், தனிக் கெடு. உங்கள் இருவரின் அலுவலக எச்ஆரிலும் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.