விளையாட்டு மென்பொருள் கேட்காமலேயே தகவல் எடுக்குமா?

"மன்னார்குடியில் இருக்கிறோம். மகன் ஆடும் கேம் எங்களைக் கேட்காமலேயே தகவல் அனுப்புமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அனுப்பும். 2018-இல் 'ரெட் ஷெல்' என்ற நிரல் பல கணினி விளையாட்டுகளுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்ததை ஆட்டக்காரர்களே கண்டுபிடித்தார்கள். விளம்பரத்தைச் சொடுக்கியவர்தான் கேமையும் வாங்கினாரா என்று பார்ப்பது அதன் வேலை. பெயர் கேட்காது. ஐபி முகவரி (இணைய இணைப்புக்கான எண்), திரை அளவு, உலாவியின் பதிப்பு, எழுத்துருக்கள் ஆகியவற்றைச் சேர்த்தே ஆளைப் பொருத்திவிடும். வாய்க்கால் சேற்றில் பதிந்த செருப்புத் தடத்தைப் பார்த்தே இரவில் மடை திறந்தவர் யார் என்று நம்மூரில் சொல்லிவிடுவார்களே, அந்தக் கதைதான். எதிர்ப்பு கிளம்பியதும் 'சிவிலைசேஷன் 6' உட்படப் பல விளையாட்டுகளிலிருந்து அதை நீக்கினார்கள்.

கைப்பேசியில் நிலைமை வேறு. அங்கே கேட்பார்கள், யாரைக் கேட்கிறார்கள் என்பதுதான் சிக்கல். என் அக்காள் மகன் போனில் டிராக்டர் ஓட்டும் கேம் ஒன்று இருப்பிடத்தை எடுத்துக்கொண்டிருந்தது. திரைக்குள் உழுவதற்கு எங்கள் வீடு திருவையாற்றில் எந்தத் தெரு என்று எதற்குத் தெரிய வேண்டும்? 'அனுமதி' பொத்தானை அழுத்தியவனுக்கு வயது ஒன்பது.

18 வயதுக்குக் குறைந்தவர்களின் தகவலுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். விதிகளோ 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் வேறு.

அதுவரை காத்திருக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போன் என்றால் அமைப்புகளில் அந்த கேமின் இருப்பிட அனுமதியை நிறுத்துங்கள். விளம்பரக்காரர்கள் போனை அடையாளம் காண உதவும் விளம்பர அடையாள எண்ணையும் அழித்துவிடுங்கள். டிராக்டர் வழக்கம்போல ஓடும்.