வணிக அமைப்புகளின் வகைகளைப் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு எப்படி அறிமுகப்படுத்தலாம்?

கேள்விக்குக் கீழே நீங்கள் தந்திருக்கும் விளக்கத்திலிருந்து, நீங்கள் ஒரு சமூக அறிவியல் ஆசிரியர் என்றும், பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவு தேர்ந்தெடுப்பதற்கு முன்பாக வணிகவியலைப் பற்றி இரண்டு பாடவேளை பேசும்படி உங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்றும் புரிந்துகொள்கிறேன். ஈரோடு மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வணிகவியல் நடத்தி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற வாத்தியாருக்கு வியாபாரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று இங்கே யாராவது கேட்பார்கள். அதற்கும் கீழே பதில் இருக்கிறது.

தனியாள் வணிகம், இந்து கூட்டுக்குடும்ப வணிகம், கூட்டாண்மை, நிறுமம் (கம்பெனி), கூட்டுறவுச் சங்கம், அரசு நிறுவனம் என்று கரும்பலகையில் ஆறு கட்டம் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் கீழே நன்மை ஐந்து, குறைபாடு ஐந்து என்று தயவுசெய்து எழுதிப்போடாதீர்கள். நான் பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள், தேர்ச்சி விழுக்காடும் நன்றாகவே இருந்தது. 'வரையறா பொறுப்பு என்றால் என்ன?' என்பது இரண்டு மதிப்பெண் வினா. வணிகத்தின் கடனைத் தீர்க்க வணிகச் சொத்து போதாதபோது உரிமையாளரின் சொந்தச் சொத்தையும் கொண்டு தீர்க்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதினால் முழு மதிப்பெண். அந்த இரண்டு வரிகளை எத்தனை நூறு விடைத்தாள்களில் சரி என்று குறியிட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அவை என்ன சொல்கின்றன என்பது எனக்குப் புரிந்தது 2012ஆம் ஆண்டில், எங்கள் வீட்டுத் திண்ணையில்.

என் தந்தையார் விவசாயி. அவருடைய பள்ளித் தோழர் ஒருவர், நான் சித்தப்பா என்று அழைத்து வளர்ந்தவர், ஈரோட்டில் மஞ்சள் மண்டி தொடங்கியபோது, அப்பாவும் கொஞ்சம் முதல் போட்டுக் கூட்டாளியாகச் சேர்ந்தார். முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். லாபத்தில் அவருக்கு முக்கால், அப்பாவுக்குக் கால். பெயர்ப்பலகையில் இருவர் பெயரும் இருந்தன. மண்டிக்கு அப்பா போவது ஆயுத பூஜைக்கும், ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கவும் மட்டும்தான். பாடப்புத்தகத்தில் உறங்கும் கூட்டாளி என்று ஒரு வகை வருமே, அவர் அதுதான். மகன் வணிகவியல் ஆசிரியர். அந்த ஒப்பந்தத்தை நான் ஒருமுறைகூட வாங்கிப் படித்ததில்லை.

2010இல் குவிண்டால் பதினைந்தாயிரம் ரூபாயைத் தாண்டிய மஞ்சள், 2012இல் ஐந்தாயிரத்துக்கும் கீழே இறங்கியது எங்கள் பக்கத்து ஆட்கள் யாருக்கும் மறந்திருக்காது. இன்னும் ஏறும் என்று நம்பி, விவசாயிகளிடம் பிறகு பணம் தருவதாகச் சொல்லிச் சரக்கு வாங்கிக் குவித்திருந்தார் சித்தப்பா. பைனான்சிலும் கடன் வாங்கியிருந்தார். விலை சரிந்தபின் ஒருநாள் மண்டி திறக்கவில்லை, அவரும் ஊரில் இல்லை. பவானிப் பக்கத்திலிருந்து வயதான ஒரு விவசாயி எங்கள் வீடு தேடி வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அப்பா, தனக்குக் கால் பங்குதான், அந்தக் கால் பங்குக்கு உண்டானதைக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். வந்தவர் சத்தம் போடவில்லை. "ஏனுங்க, போர்டுல உங்க பேருந்தானுங்க இருக்குது? அவரத் தேடிக்கிட்டு நான் எங்கீங்க போறது?" என்று மட்டும் கேட்டார்.

சட்டப்படி அவர் கேட்டது சரி. 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின்படி, நிறுவனத்தின் பெயரில் ஒரு கூட்டாளி செய்கிற வழக்கமான வியாபாரச் செயல் மற்றவரையும் கட்டுப்படுத்தும். வெளியாருக்குக் கொடுக்க வேண்டிய கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. கால், முக்கால் என்பதெல்லாம் கூட்டாளிகளுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். சரி, சித்தப்பாவின் மேல் வழக்குப் போடலாமா என்று வழக்கறிஞரிடம் போனால், நிறுவனத்தைப் பதிவு செய்திருக்கிறீர்களா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பதிவு கட்டாயமில்லை என்று சட்டம் சொல்கிறது. வகுப்பில் நானும் அப்படியேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அதே சட்டத்தின் 69ஆம் பிரிவு, பதிவு செய்யாத நிறுவனத்தின் கூட்டாளி, ஒப்பந்தத்தில் தனக்குள்ள உரிமையைக் கேட்டு இன்னொரு கூட்டாளியின்மேல் வழக்குப் போட முடியாது என்கிறது. நிறுவனத்தைக் கலைத்துக் கணக்குத் தீர்க்கும்படி மட்டும் கேட்கலாம். ஆள் எங்கே என்றே தெரியாதபோது கணக்கை யாரோடு தீர்ப்பது? தோட்டத்தில் ஒன்றரை ஏக்கர் போயிற்று. விவசாயிகளுக்குக் கொடுத்து முடித்த பிறகுதான் அப்பா பழையபடி கடைவீதிப் பக்கம் போனார்.

இதை அனுதாபத்துக்காக எழுதவில்லை. அன்று முதல், எந்த வணிக அமைப்பைப் பற்றிப் பேசினாலும் 'நட்டம் வந்தால் யார் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவார்கள்?' என்ற ஒரே கேள்வியிலிருந்துதான் நான் தொடங்குகிறேன். லாபம் யாருக்கு, முடிவெடுப்பது யார், உரிமையாளர் இறந்தால் கடை என்னவாகும் என்பவை எல்லாம் அதன் பின்னாலேயே தாமாக வந்துவிடுகின்றன.

உங்களுடைய முதல் பாடவேளைக்கு ஒரு வழி சொல்கிறேன். வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு கடை ரசீது கொண்டுவரச் சொல்லுங்கள். மளிகை, ஜவுளி, மருந்து, எதுவானாலும் சரி. அதில் பதினைந்து இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அந்த வணிகத்தின் பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்து, அதாவது ஜிஎஸ்டி எண்ணில் ஆறாவதாக வருவது, அந்த வணிகம் எந்த வகை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். பி என்றால் தனிநபர், எஃப் என்றால் கூட்டாண்மை, சி என்றால் நிறுமம், எச் என்றால் இந்து கூட்டுக்குடும்பம். பெட்டிக்கடைகள் ஜிஎஸ்டியில் பதிவு செய்திருக்கமாட்டா என்பதால் அந்த ரசீதில் எண் இருக்காது. அவற்றில் பெரும்பாலானவை தனியாள் வணிகம் என்று சொல்லிவிடலாம். நாற்பது பிள்ளைகள் நாற்பது ரசீதில் ஆறாவது எழுத்தைத் தேடும்போது வகுப்பறை சந்தைக்கடை ஆகிவிடும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. பெரிய ஜவுளிக்கடை எஃப் என்றும், கேள்விப்படாத சின்னப் பெயர் ஒன்று சி என்றும் வரும்போது, கடையின் அளவுக்கும் அமைப்பின் வகைக்கும் சம்பந்தமில்லை என்பது நீங்கள் சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கூட்டுறவுக்கு எங்கள் பள்ளியில் எனக்கு வகுப்பெடுத்தது ஒரு மாணவி. நிறுமத்தில் ஒரு பங்குக்கு ஒரு வாக்கு, ஆகவே அதிகப் பங்கு வைத்திருப்பவர் சொல்வதே நடக்கும், கூட்டுறவில் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "எங்கம்மா சொசைட்டிக்கு ஒரு மாட்டுப் பால் ஊத்துதுங்க சார், தலைவரு பத்து மாட்டுப் பால் ஊத்தறாரு. ஓட்டு ரெண்டு பேத்துக்கும் ஒண்ணுதானுங்க" என்றாள். கிராமத்தில் சங்கம், மாவட்டத்தில் ஒன்றியம், மாநிலத்தில் இணையம் என்ற ஆவினின் மூன்றடுக்கை அதற்குப் பிறகு நான் விளக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. 1904ஆம் ஆண்டுச் சட்டம் வந்த உடனேயே நம் மாநிலத்தில் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் அமைந்ததையும், சென்னை திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கியதையும் அத்துடன் சேர்த்துச் சொல்லலாம்.

அரசு நிறுவனங்களுக்குப் பேருந்தே போதும். பிள்ளைகள் தினமும் பயண அட்டையில் வருகிற பேருந்து 'கழகம்' என்ற பெயரில் ஓடினாலும், அது நிறுமச் சட்டத்தின்கீழ் அமைந்த நிறுமம். ஆயுள் காப்பீட்டுக் கழகமோ 1956இல் நாடாளுமன்றம் தனியாக ஒரு சட்டம் இயற்றி உருவாக்கியது. 2022இல் அதன் பங்குகளும் சந்தைக்கு வந்துவிட்டன. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்கு இந்த இரண்டும் போதும். கூட்டுக்குடும்ப வணிகத்தை நடத்தும்போது மட்டும் ஒன்றை விட்டுவிடாதீர்கள்: தமிழ்நாடு 1989லேயே, நாடு முழுவதற்கும் 2005இல் சட்டம் வருவதற்கு முன்பே, பெண்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பால் உரிமை தந்துவிட்டது. 'அன் சன்ஸ்' என்று முடியும் பலகைகளையே பார்த்து வளர்ந்த பெண் பிள்ளைகள் இதை இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள்.

இதைப் படிக்கும் பட்டயக் கணக்காளர் எவரேனும், நிறுமம் என்றால் வரையறுத்த பொறுப்பு, நட்டம் போட்ட முதலோடு நின்றுவிடும் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டுகிறீர்களே, சிறிய தனி நிறுமத்துக்கு (பிரைவேட் லிமிடெட்) கடன் கொடுக்கும்போது வங்கி இயக்குநரின் சொந்த ஜாமீனையும் வீட்டுப் பத்திரத்தையும் கேட்டு வாங்கிக்கொள்கிறதே என்று இடித்துரைக்கக்கூடும். உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே இயக்குநர் தெரிந்தே கையெழுத்துப் போடுகிறார், எவ்வளவுக்குப் போடுகிறோம் என்றும் அவருக்குத் தெரியும். என் தந்தையார் அந்தக் கடன் எதற்கும் கையெழுத்துப் போடவில்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை என்று ஒன்று இருந்ததும் மண்டியில் யாருக்கும் தெரியாது. அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் உங்கள் கேள்வியைச் சேர்ந்ததுதான். மதிப்பெண் குறைந்த பிள்ளைகளை 'உனக்கு மூன்றாவது குரூப்தான்' என்று தண்டனை போல எங்களிடம் அனுப்பிவைக்கும் வழக்கம் நான் பணியாற்றிய எல்லாப் பள்ளிகளிலும் இருந்தது. பத்தாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் எடுத்த ஒரு மாணவன் வணிகவியல் கேட்டபோது, பெற்றோரை வரவழைத்து மனத்தை மாற்றிய தலைமையாசிரியரையும் பார்த்திருக்கிறேன். உங்களுடைய அந்த இரண்டு பாடவேளை, வேறு வழியில்லாதவர்களுக்கு ஆறுதல் சொல்லும் நேரமாகப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளையும் வகுப்பில் உட்காரவைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நேரம் போதவில்லை என்றால் தனி நிறுமத்தில் 2 முதல் 200 உறுப்பினர், பொது நிறுமத்தில் குறைந்தது 7 என்பன போன்ற எண்களைத் தாராளமாக விட்டுவிடலாம். பதினொன்றாம் வகுப்பில் அவை வரும். இரண்டாவது பாடவேளைக்கு, வீட்டில் நடக்கும் கடையோ தறியோ வண்டியோ யார் பெயரில் இருக்கிறது, கூட்டு என்றால் பதிவு செய்திருக்கிறதா என்று கேட்டு வரச் சொல்லுங்கள். ஆனால் அந்த விடைகளை வகுப்பில் உரக்கப் படிக்கவைக்காதீர்கள். நான் ஒருமுறை படிக்கவைத்தேன். அந்த வாரந்தான் கடையைக் கடன்காரர் பூட்டிவிட்டுப் போயிருந்த வீட்டுப் பையன் ஒருவன், தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றான், ஒன்றும் படிக்கவில்லை. இப்போதெல்லாம் தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிடச் சொல்கிறேன்.