பழைய வீடும் ஏறும் வரியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருப்பதியில் கோவிந்தராஜ சுவாமி கோயிலுக்கு அருகில், என் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டில் என் தாயார் தனியாக வசித்து வருகிறார். தந்தையின் குடும்ப ஓய்வூதியம் ஒன்றே அவருக்கு வருமானம். இரண்டு பக்கமும் லாட்ஜுகள் எழும்பிவிட்டன. எங்கள் வீட்டில் ஒரு செங்கல் கூடக் கூட்டவில்லை. ஆனாலும் வீட்டு வரி ஆண்டுதோறும் ஏறுகிறது. திருத்தணியில் இருக்கும் என் சித்திக்கு இப்படி ஏறவில்லையே, ஏன்? நெடுங்காலமாகக் குடியிருப்போருக்குச் சலுகை வேண்டும் என்று தெருவாசிகள் சேர்ந்து மனு எழுத இருக்கிறோம். எதைக் கேட்பது? (வாசகர், திருப்பதி)

பதில்: முதலில் சித்தியின் வரியைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் வீட்டு வரி, ஆண்டு வாடகை மதிப்பை அடிப்படையாகக் கொண்டது. 2022-இல் அங்கும் வரி உயர்ந்தது. திருத்தணி போன்ற நகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 100 சதவீதம் என்று, கட்டடத்தின் பரப்பை வைத்தே உயர்வைப் பிரித்தார்கள். ஆந்திரமோ 2020-இல் சட்டத்தைத் திருத்தி, பதிவுத்துறை குறிக்கும் மார்க்கெட் மதிப்பிலிருந்து கணக்கிடும் மூலதன மதிப்பு முறைக்கு மாறிவிட்டது. குடியிருப்புக்கு அம்மதிப்பில் 0.10 முதல் 0.50 சதவீதம் வரை வரி விதிக்கலாம். ஆகவே பக்கத்து மனையை லாட்ஜுக்காரர் என்ன விலைக்கு வாங்குகிறாரோ, அந்த விலை பதிவுத்துறையின் மதிப்பு வழியாக உங்கள் தாயாரின் கேட்பு நோட்டீசுக்கு வந்து சேர்கிறது. விற்கும் எண்ணமே இல்லாதவருக்கு அந்த மதிப்பால் ஒரு ரூபாய் கூடக் கைக்கு வருவதில்லை.

ஓராண்டில் வரி 15 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது என்று அரசு வரம்பு வைத்தது உண்மை. ஆனால் ஆண்டுதோறும் 15 சதவீதம் ஏறினால், 1,000 ரூபாய் வரி ஐந்தே ஆண்டில் 2,000 ரூபாயைத் தாண்டிவிடும். எந்த ஓய்வூதியமும் இந்த வேகத்தில் ஏறுவதில்லை. 375 சதுர அடிக்கு உட்பட்ட, உரிமையாளரே குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் என்ற சலுகையும் ஆந்திரத்தில் உண்டு. முற்றமும் தாழ்வாரமும் வைத்துக் கட்டிய தாத்தா காலத்து வீடு அதற்குள் அடங்காது.

மனுவில் "வரியை அப்படியே நிறுத்தி வையுங்கள்" என்று மட்டும் எழுதிவிட வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். அமெரிக்காவின் கலிபோர்னியா 1978-இல் ஏறத்தாழ அதைத்தான் செய்தது: வரி மதிப்பில் 1 சதவீதம், மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது, கைமாறும்போது மட்டும் புதிய விலைக்கு மறுமதிப்பீடு. முதியவர்கள் காப்பாற்றப்பட்டார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் கடைகளுக்கும் அலுவலகக் கட்டடங்களுக்கும் அதே பாதுகாப்பு கிடைத்தது. ஒரே தெருவில் ஒரே அளவு வீடுகளுக்குப் பல மடங்கு வேறுபட்ட வரி வந்தது. பெற்றோரின் பழைய வரியோடு வீட்டைப் பெற்ற பிள்ளைகள், தாங்கள் குடியேறாமல் அதை வாடகைக்கு விட்டார்கள். வாரிசு அந்த வீட்டிலேயே வாழ்ந்தால்தான் சலுகை என்ற கட்டுப்பாடு 2020-இல்தான் வாக்கெடுப்பில் நிறைவேறியது. உங்கள் தெருவில் பொத்தாம் பொதுவாக ஓர் உச்சவரம்பு வந்தால், பெரும் பலன் இரு பக்கத்து லாட்ஜுகளுக்கே போகும்.

சலுகை அந்த வீட்டில் வாழும் மனிதருக்குத் தரப்பட வேண்டும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் ஊர் முழுவதும் மறுமதிப்பீடு செய்து 2014-இல் நடைமுறைப்படுத்தியபோது இந்த வழியைத்தான் எடுத்தது. பத்தாண்டுகளாவது அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், மதிப்பு திடீரென்று பெருமளவு உயர்ந்திருக்க வேண்டும், வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பவை அங்குள்ள நிபந்தனைகள். நீங்களும் குடியிருப்புக் காலத்தைக் கேளுங்கள். அதற்கு வாக்காளர் பட்டியலே போதிய சான்று. கதவு எண் வாரியாக அரசே வெளியிடுவது அது. வருமானத்துக்கு ரைஸ் கார்டு (ஆந்திரத்தின் ரேஷன் அட்டை) அல்லது ஓய்வூதியப் புத்தகத்தை ஏற்கலாம். மாடியில் அறைகள் வாடகைக்கு விடப்பட்டிருந்தால், சலுகை குடியிருக்கும் பகுதிக்கு மட்டுமே என்பதையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள். அதனால் மனுவுக்கு மதிப்புக் கூடும்.

இவற்றைவிட எனக்குச் சிறந்ததாகப் படுவது ஒத்திவைப்பு முறை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 65 வயதைக் கடந்து, தகுதி பெற்றவர்கள் குடும்ப வருமானத்தில் 3 சதவீதத்தை வரியாகக் கட்டினால் போதும். மீதியை மாநில அரசு கடனாகக் கட்டிவிட்டு, வீடு விற்கப்படும்போதோ உரிமையாளரின் காலத்துக்குப் பிறகோ வட்டியோடு வசூலிக்கிறது. உங்கள் தாயாரின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய், வரி 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இப்போது கட்ட வேண்டியது 3,600 ரூபாய்; 2,400 ரூபாய் வீட்டின் மேல் பாக்கியாக நிற்கும். மாநகராட்சிக்கும் இழப்பில்லை, பணம் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். பதினைந்தாவது நிதிக்குழு, நகராட்சிகளுக்கான மானியத்தைச் சொத்து வரி வளர்ச்சியோடு பிணைத்திருந்ததை நினைத்தால், வருவாயைக் கைவிடச் சொல்லும் மனுவைவிட இது அதிகாரிகளின் காதில் ஏறும். வீட்டின் மேல் கடன் நிற்கிறதே என்று உங்கள் தாயார் கலங்கக்கூடும். அந்த அச்சத்தை மதித்தே, விரும்புவோருக்கு மட்டும், குறைந்த வட்டியில், மொத்தப் பாக்கி வீட்டு மதிப்பில் ஒரு சிறு பங்கைத் தாண்டாதபடி கேட்க வேண்டும்.

மாநகராட்சி மன்றம் தானாக இதைச் செய்துவிட முடியாது. அரசமைப்பின் 243எக்ஸ் பிரிவின்படி, மாநிலச் சட்டம் வகுத்த வழியில்தான் நகராட்சி வரி விதிக்க முடியும். எனவே மன்றத் தீர்மானத்தைப் பரிந்துரையாகப் பெற்று, ஆணையருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் மனுவை அனுப்புங்கள். மனு தெலுங்கில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டிலேயே விசைத்தறி வைத்திருக்கிறார்கள். 60 வயது கடந்தவர்களுக்கு மட்டும் சலுகை என்றால் எங்களுக்கு என்ன பயன்? (வாசகர், நகரி)

பதில்: வயது மட்டுமே அளவுகோலானால் பயன் குறைவுதான், நாற்பது வயதில் வேலை இழந்த நெசவாளி, வசதியான முதியவரைவிட நலிந்தவர். ஆனால் உங்கள் தெரு முதலில் பார்க்க வேண்டியது வேறு. குடியிருப்பல்லாத கட்டடத்துக்கு மூலதன மதிப்பில் 2 சதவீதம் வரை வரி போகலாம். தறி ஓடும் கூடம் நோட்டீசில் எந்த வகையில், எத்தனை சதுர அடியாகப் பதிவாகியிருக்கிறது என்று வார்டு சச்சிவாலயத்தில் (உங்கள் வார்டின் அரசு அலுவலகத்தில்) கேட்டுப் பாருங்கள். வீடு முழுவதும் அந்த வகையில் சேர்ந்திருந்தால், மறு அளவீடு கேட்டு எழுதுங்கள். எந்தச் சலுகையையும்விட அந்தத் திருத்தம் பெரிது.

கேள்வி: வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி யாருமே பேசுவதில்லையே? (வாசகி, சித்தூர்)

பதில்: நியாயமான வருத்தம், அம்மா. உரிமையாளருக்கு வரும் வரிச்சலுகை வாடகையைக் குறைக்கும் என்று உறுதியில்லை. மினசோட்டாவில் வாடகையின் ஒரு பகுதியைச் சொத்து வரியாகக் கருதி, வருமானம் குறைந்த வாடகைதாரருக்குத் திருப்பித் தருகிறார்கள். இங்கே பெரும்பாலான வாடகைக்கு ரசீதே கிடையாது. எழுத்து வடிவ வாடகை ஒப்பந்தம் பரவாமல் இதைத் தொடங்க இயலாது.

கேள்வி: வரி ரசீது இன்றும் காலமான என் மாமனார் பெயரிலேயே வருகிறது. சலுகை வந்தால் எனக்குக் கிடைக்குமா? (வாசகி, புத்தூர்)

பதில்: பெயர் மாறாதவரை சிக்கல்தான். குடியிருப்பவரே உரிமையாளர் என்று காட்டினால்தான் இத்தகைய சலுகைகள் கிடைக்கும். நெடுங்காலக் குடும்பங்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய பத்திரம், நிலுவையில்லாத வரி ரசீது ஆகியவற்றோடு நகராட்சியில் பெயர் மாற்றத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். கணவரின் உடன்பிறந்தோர் இருந்தால், அவர்களுக்கும் பங்கு உண்டு. பாகப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ பதிவு செய்துகொள்வது நல்லது. வரி ரசீதில் பெயர் மாறுவதாலேயே உரிமை வந்துவிடாது.