மழைக்கு முன் வீட்டைச் சுற்றி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி நெருங்கும்போது வரும் கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஓதம், ஒழுக்கு, விரிசல் பற்றியவையாகவே இருக்கும், இம்முறையும் அப்படித்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், விவரம் தெளிவாக இருந்த கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். புகைப்படம் அனுப்புவோர் விரிசலை மட்டும் நெருக்கமாக எடுத்து அனுப்புகிறார்கள். பத்தடி தள்ளி நின்று இன்னொன்றும் எடுத்து அனுப்புங்கள். அது வீட்டுச் சுவரா, சுற்றுச்சுவரா, மாடியின் கைப்பிடிச் சுவரா என்பதே தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

மொட்டை மாடியில் இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை வாட்டர் புரூஃப் பெயிண்ட் அடித்துவிட்டோம். ஆனாலும் மழை பெய்தால் படுக்கையறைக் கூரையின் மூலையில் ஓதம் ஏறிப் பூச்சு உரிகிறது. மூன்றாவது முறை எந்த நிறுவனத்தின் பெயிண்ட்டை வாங்கலாம்? (தஞ்சாவூர்)

எதையும் வாங்க வேண்டாம். முதலில் ஒரு வாளித் தண்ணீரை மாடியில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தளத்துக்கு எட்டு அடிக்கு ஓர் அங்குலமாவது வாட்டம் இருக்க வேண்டும். அது இல்லாத மாடியில் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட்டும் தேங்கிய நீருக்கு அடியில் ஊறிக்கொண்டுதான் இருக்கும். வாட்டம் சரியாக இருந்தும் மூலையில் மட்டும் ஓதம் ஏறுகிறது என்றால், தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் இடத்தையும், மழைநீர்க் குழாயின் வாயைச் சுற்றியும் பாருங்கள். என் அனுபவத்தில் ஒழுகும் மாடிகளில் பெரும்பாலானவை நடுத்தளத்தில் ஒழுகுவதில்லை. இந்த இரண்டு இடங்களில்தான் ஒழுகுகின்றன. அங்கே பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, மூலையைச் செங்குத்தாக விடாமல் உருட்டிப் பூசச் சொல்லுங்கள்.

அறைக்குள் உரிந்த இடத்தில் கம்பி தெரிந்து, அது துருவேறி உப்பியிருந்தால் இந்தப் பதில் உங்களுக்குப் பொருந்தாது. அது பெயிண்ட் கடைக்காரரின் வேலையும் அன்று, கொத்தனாரின் வேலையும் அன்று. கட்டடப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும். எதுவாயினும், ஈரமான தளத்தின் மேல் வாட்டர் புரூஃப் அடிக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் செய்ய வேண்டிய வேலையைப் புரட்டாசிக் கடைசியில் செய்வதுதான் கொப்புளம் விட்டு உரிவதற்குக் காரணம்.

வீட்டின் வெளிப்புறம் முழுவதும் பெயிண்ட் அடிக்க எவ்வளவு செலவாகும்? (மதுரை)

எத்தனை சதுர அடி, எத்தனை மாடி, பழைய பெயிண்ட் உரிந்திருக்கிறதா, சாரம் கட்ட இடம் இருக்கிறதா என்று ஒன்றுமே எழுதாமல் செலவை மட்டும் கேட்டால் நான் என்ன சொல்வது? சுவரின் நீளத்தையும் உயரத்தையும் பெருக்கிப் பரப்பை நீங்களே கணக்கிடலாம். வெளிப்புற எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 முதல் 60 சதுர அடி வரும். சொரசொரப்பான சுவரில் இன்னும் குறையும். கூலியை மூன்று பேரிடம் கேளுங்கள். புதிய பூச்சு என்றால் ஒரு மாதமாவது காயாமல் பிரைமர் அடிக்க விடாதீர்கள். மழைக்காலத்தில் தொடங்கவே தொடங்காதீர்கள்.

வெளிச்சுவரின் அடிப்பகுதியில் இரண்டடி உயரம் வரை உப்புப் பூத்துப் பொரிந்து விழுகிறது. புட்டி வைத்துப் பெயிண்ட் அடித்தால் ஆறே மாதத்தில் திரும்ப வருகிறது. (நாகப்பட்டினம்)

நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் பூச்சு வேலைக்கு ஆள் அழைக்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டேதான் இருக்கிறது. உங்கள் சுவரில் நீர் மேலிருந்து வரவில்லை, மண்ணிலிருந்து ஏறுகிறது. சுவரை ஒட்டிப் பூச்செடிப் பாத்தி கட்டித் தினமும் நீர் ஊற்றுகிறீர்களா, வெளியில் கொட்டிய மண் அடித்தள மட்டத்தைத் தாண்டி ஏறி நிற்கிறதா என்று பாருங்கள்; இரண்டில் ஒன்று நிச்சயம் இருக்கும். மண்ணை வீட்டுத் தரை மட்டத்துக்கு ஒன்றரை அடியாவது கீழே இறக்குங்கள். பாத்தியைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளுங்கள். சுவரைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு வெளிப்பக்கம் வாட்டம் விட்டு ஒரு சிமெண்ட் ஓரம் போடுங்கள். ஓதம் தெரியும் உயரத்துக்கு மேலும் ஓரடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, ஒரு கோடைக்காலம் முழுவதும் காயவிட்டு, உப்பில்லாத நீரில் குழைத்துப் பூசுங்கள். அந்த இடத்தில் புட்டி வேண்டவே வேண்டாம்.

அரை கிரவுண்டு முற்றத்தில் பாதிக்குச் சிமெண்ட் தளம் போட்டாயிற்று. மீதியில் மண்ணும் ஒரு பெரிய வேப்ப மரமும் இருக்கின்றன. மழைக்காலத்தில் சகதி, மற்ற நாட்களில் இலைக் குப்பை. முழுவதும் கான்கிரீட் போட்டு அதன் மேல் பேவர் பிளாக் பதித்துவிட்டால் பார்க்கவும் சுத்தமாக இருக்கும், காரும் நிறுத்தலாம் என்று காண்டிராக்டர் சொல்கிறார். மரத்தைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் விட்டால் போதுமா? (சென்னை, மடிப்பாக்கம்)

போதாது. காண்டிராக்டருக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி வருகிறது. மண்ணை விட்டுவைக்கச் சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு என்பதைப் பழைய வாசகர்கள் அறிவார்கள்.

கணக்கைப் பாருங்கள். சென்னையில் சராசரியாக ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அரை கிரவுண்டு என்பது 1,200 சதுர அடி; அதன் மேல் விழும் நீர் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் பன்னிரண்டு பதின்மூன்று லாரி தண்ணீரை வாசல் வழியே தெருவுக்குத் தள்ளிவிட்டு, சித்திரையில் அதே லாரிக்குப் பணம் கொடுத்துக் காத்திருக்கிறீர்கள். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய ஊர் இது; 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்ததும் இதே ஊருக்குத்தான். இடையில் நான்கு ஆண்டுகூட முழுதாக இல்லை. எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று தமிழக அரசு 2003இல் கொண்டுவந்த சட்டம் நல்ல சட்டம். ஆனால் அன்று அவசரமாகத் தோண்டிய குழியைப் பிறகு ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத வீடுகளே அதிகம். அந்தக் குழியின் மேலேயே டைல்ஸ் பதித்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்து மரம். வேம்பு ஆழ வேர் விடும் மரம்தான் என்றாலும், அதற்கு உணவு தேடித் தரும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணின் ஓரிரண்டு அடிக்குள்ளேயே பரவியிருக்கின்றன. அவற்றுக்கு நீர் மட்டுமல்ல, காற்றும் வேண்டும். அடிமரத்தை ஒட்டி ஒரு முழம் வட்டம் விட்டுக் கான்கிரீட் போட்டால் மரம் அந்த ஆண்டே பட்டுப்போகாது. நுனிக்கிளை காய்வதும் இலை சிறுப்பதும் நான்கைந்து ஆண்டுகள் கழித்துத் தெரியும். அதற்குள் வேர் அழுகியிருக்கும். அடுத்த புயலில் மரம் காரின் மேல் சாயும்போது மரத்தின் மேல் பழி போடுவார்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சாய்ந்த மரங்கள் எத்தனையோ. அன்று தெருக்களில் பெயர்ந்து கிடந்த அடிமரங்களோடு நடைபாதைக் கான்கிரீட்டும் துண்டு துண்டாகப் பெயர்ந்து வந்திருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? காருக்குத் தேவை இரண்டு சக்கரத் தடங்கள்; இரண்டடி அகலத்தில் இரண்டு பட்டைகள் போட்டால் போதும், நடுவில் மண்ணோ புல்லோ இருக்கட்டும். நடைபாதைக்குப் பேவர் பதிப்பதானால் அடியில் கான்கிரீட் கூடாது: கிராவலை இடித்து இறுக்கி, அதன் மேல் ஒன்றரை அங்குலம் மணல் பரப்பிப் பதித்து, இடுக்குகளைச் சிமெண்ட்டால் அடைக்காமல் மணலால் நிரப்பச் சொல்லுங்கள். மரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஐந்தடியாவது திறந்திருக்க வேண்டும். சகதிக்குக் காரணம் மண் அன்று, வாட்டம் இல்லாமை. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, அது தேங்கும் இடத்தில் உறிஞ்சுகுழி வெட்டுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணற்பாங்கில் ஐந்தடிக் குழி போதும். உங்கள் பக்கத்தில் பழைய ஏரியும் வயலுமாக இருந்த இடங்கள் களிமண். அங்கே மணல் தட்டும் வரை, பெரும்பாலும் 10 முதல் 15 அடி, உறை இறக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன், மேலே உள்ள ஜல்லியை எடுத்துக் கழுவிப் போட வேண்டும். முற்றத்து நீரை மட்டும் போர்வெல் குழாய்க்குள் நேரடியாக விடாதீர்கள். வண்டி எண்ணெயும் நாய் அசுத்தமும் அதோடு சேர்ந்து இறங்கும். மாடி நீர் வேறு. அதை வடிகட்டி விடலாம்.

இலைக் குப்பையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கூட்டி மரத்தடியிலேயே தள்ளுங்கள்.

வீட்டைச் சுற்றிச் சிறியாநங்கை நட்டால் பாம்பு வராதாமே? (திருநெல்வேலி)

வரும். பூண்டுக் கரைசலுக்கும் வெள்ளை ஃபினாயிலுக்கும் இதே பதில்தான். பாம்பு எலியைத் தேடி வருகிறது. விறகுக் குவியலையும் மிச்சமான செங்கல் அடுக்கையும் சுவரோரத்திலிருந்து அகற்றி, கேட்டின் அடியில் உள்ள இடைவெளியை அடையுங்கள். உள்ளே வந்துவிட்டால் கம்பெடுக்காமல் தீயணைப்பு மீட்புப் பணித் துறையை 101இல் அழையுங்கள்.

மொட்டை மாடியில் ஓரடி உயரத்துக்குச் செங்கல் வரப்பு கட்டி, செம்மண் நிரப்பிக் காய்கறித் தோட்டம் போட ஆசை. நீர்க்காப்புக்கு என்ன செய்ய வேண்டும்? (கோயம்புத்தூர்)

நீர்க்காப்பு இரண்டாவது கேள்வி, எடைதான் முதலாவது. நனைந்த மண் ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 50 கிலோ இருக்கும். ஆட்கள் நடமாடும் சாதாரண வீட்டு மாடிக்குக் கூடுதல் சுமையாகச் சதுர அடிக்கு 15 கிலோ அளவில்தான் வடிவமைப்பில் கணக்கிடுகிறார்கள். நீங்கள் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் ஏற்றப் பார்க்கிறீர்கள். வரப்புத் திட்டத்தை விட்டுவிட்டு, தென்னைநார்க் கழிவும் மட்கிய உரமும் பாதிக்கு மேல் கலந்த பைகளில் வளருங்கள். பைகளைச் சுவருக்கும் உத்தரத்துக்கும் நேர் மேலே வரிசையாக வையுங்கள். தளத்தில் நேரடியாக வைக்காமல் தாங்கியின் மேல் வைத்தால் அடியில் நீர் தேங்குகிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். தொட்டிகளின் அடித்தட்டில் நிற்கும் நீரை வாரம் ஒருமுறை கட்டாயம் கொட்டிவிடுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழெட்டு நாள் போதும், அதற்குச் சாக்கடை தேவையில்லை, சுத்தமான நீரே போதும்.

இரும்புக் கேட்டுக்கு ஆண்டுதோறும் பெயிண்ட் அடித்தும் துரு நிற்கவில்லை. (தூத்துக்குடி)

உப்புக்காற்று ஊரில் பழைய துருவின் மேலேயே பெயிண்ட் அடித்தால் நிற்காது. உப்புத்தாளும் கம்பித் தூரிகையும் கொண்டு உலோகம் பளபளக்கும் வரை தேய்த்து, நல்ல நீரில் கழுவிக் காயவைத்து, அன்றே துத்தநாகம் கலந்த எபாக்ஸி பிரைமர் அடித்து, பிறகு இரண்டு கோட் பெயிண்ட். கேட்டின் அடிக்குழாயில் நீர் வடிய ஒரு துளை போடுங்கள். துரு உள்ளிருந்துதான் தொடங்குகிறது.

ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைச் செடிகளுக்கு ஊற்றலாமா? (வேலூர்)

தென்னைக்கு ஊற்றலாம். ரோஜாவுக்கு வேண்டாம். மீதியில் வாசல் கழுவுங்கள்.

சுற்றுச்சுவர் கட்டி மூன்றே ஆண்டில் குறுக்கும் நெடுக்குமாக விரிந்துவிட்டது. கொத்தனார் விரிசலில் சிமெண்ட் பால் ஊற்றினார். கோடையில் மீண்டும் பிளந்துவிட்டது. (கோவில்பட்டி)

உங்கள் ஊர் கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பிளக்கும். ஒன்றரை அடி ஆழத்தில் போட்ட அடித்தளம் அதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. சிமெண்ட் பாலால் அதை நிறுத்த முடியாது. புதிதாகக் கட்டுவதானால் நான்கைந்து அடி தோண்டி, கரிசலை எடுத்துவிட்டு, கிராவல் நிரப்பித் தண்ணீர் விட்டு இடித்து, பத்தடிக்கு ஒரு தூணும் இருபதடிக்கு ஓர் இடைவெளியும் விட்டுக் கட்டுங்கள். சுவரின் ஒரு பக்கத்தில் மண் உயர்ந்திருந்தால் அடியில் ஐந்தடிக்கு ஒரு வடிதுளை கட்டாயம் வேண்டும். மழையில் சுற்றுச்சுவர் சாய்ந்து ஆட்கள் மாண்ட செய்திகளைப் படித்திருப்பீர்கள், பின்னால் தேங்கிய நீரின் அழுத்தம் அப்படிப்பட்டது. இப்போதைய சுவர் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். சாய்ந்திருந்தால் குழந்தைகளை அதன் அருகில் விடாமல், இந்த மழைக்கு முன்பே இறக்கிவிடுங்கள்.

மாடிச் சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. ஆசிட் ஊற்றலாமா? (கும்பகோணம்)

ஊற்றாதீர்கள், அரசு பிழைத்துச் சுவர் கெடும். மேலே வெட்டுவதும் பயனில்லை. பூச்சைக் கொத்தி, வேர் போகும் தடத்தைப் பின்தொடர்ந்து முழுதாக எடுத்துவிட்டு, அந்த இடுக்கைக் கலவையால் இறுக அடைக்க வேண்டும். சுண்டுவிரல் கனத்தில் இருக்கும்போதே செய்தால் அரை நாள் வேலை.

முருங்கை மரம் சுவரிலிருந்து நாலடியில் இருக்கிறது. வேர் சுவரைப் பிளக்குமா? (விழுப்புரம்)

வேருக்குப் பயப்பட வேண்டாம், கிளைக்குப் பயப்படுங்கள். முருங்கைக் கிளை மழையில் கனத்து, சிறிய காற்றுக்கே முறியும். காய்ப்பு முடிந்ததும், ஐப்பசி பிறப்பதற்கு முன், நாலடி உயரத்துக்கு வெட்டிவிட்டு, வெட்டிய முகத்தில் நீர் இறங்காதபடி பசுஞ்சாணம் அப்புங்கள். வெட்டிய கிளைகளை முழ நீளத் துண்டுகளாக்கிச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி ஊன்றிவையுங்கள். அவை பிடித்துக்கொண்டதும் பழைய மரத்தை எடுத்துவிடலாம்.