செங்கமலத்தின் குடுமி

அன்புள்ள ஐயா,

உங்கள் தொடரின் மூன்றாம் அத்தியாயத்தில், 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்ததும் செங்கமலம் அரிவாள்மணையில் கூந்தலை அறுத்தெறிகிறாள். சின்னத்தம்பி என்ற பெயரில் கடலூருக்கு நடந்துபோய், ஆங்கிலேயரின் தேவனாம்பட்டினம் கோட்டையில் கடிதம் சுமக்கும் பையனாகிறாள். அந்தக் காலத்துப் பையன்கள் குடுமி அல்லவா வைத்திருப்பார்கள்? கிராப்புத் தலையை நாலு பேர் திரும்பிப் பார்க்க மாட்டார்களா? அது போகட்டும், மாதக்கணக்கில் சிப்பாய்களோடு இருப்பவள் அகப்படவே இல்லை என்பதை எப்படி நம்புவது?

— ஒரு வாசகி, பெரம்பூர்

அன்புள்ள பெரம்பூர் வாசகிக்கு,

குடுமி விஷயத்தில் நான் சரண். எத்தனையோ திரைப்படங்களில் பார்த்த காட்சி, கேட்காமலே கையில் வந்து உட்கார்ந்துவிட்டது. கூந்தலை அறுக்கவே வேண்டாம். முன்தலையைச் சிரைத்து, மிச்சத்தைப் பின்னால் முடிந்தால் போதும். ஆனால் சிரைப்பது யார்? நாவிதரிடம் போக முடியாது. பாட்டி சவரக்கத்தி பிடித்தாலும், அதுவரை வெயில் படாத இடம் முகத்தைவிட வெளுத்துத் தெரியும். ஆகவே புத்தகமாக வரும்போது செங்கமலம் ஆளில்லாத கடற்கரையில் மூன்று நாள் தலையை வெயிலில் காயவைத்துவிட்டுத்தான் புறப்படுவாள். காதைப் பற்றிக் கவலையில்லை, ஆண்பிள்ளைகளும் கடுக்கன் போட்டவர்கள்தான். மூக்குத்துளைதான் பொல்லாதது.

அகப்படாமல் இருந்ததை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதே 1746இல் ராபர்ட் கிளைவ் உள்ளூர்க்காரரைப் போல உடுத்திக்கொண்டு சென்னையிலிருந்து அதே கோட்டைக்குத் தப்பினார். அவர் எப்படி அகப்படாமல் போனார் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை!

பெண்தான் வேண்டுமென்றால் ஹன்னா ஸ்னெல் இருக்கிறாள். இங்கிலாந்தின் வூஸ்டரில் பிறந்தவள். ஜேம்ஸ் கிரே என்ற பெயரில் கடற்படை வீரனாகச் சேர்ந்து, 1748இல் புதுச்சேரியை முற்றுகையிட வந்த ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவேனின் கப்பற்படையோடு நம் கரைக்கு வந்தாள். கவட்டில் குண்டு பாய்ந்தது. வைத்தியரிடம் காட்டினால் குட்டு வெளிப்படுமே என்று கால் காயங்களை மட்டும் காட்டிவிட்டு, அந்தக் குண்டைத் தானே தோண்டி எடுத்தாள் என்கிறது 1750இல் வெளிவந்த அவள் வரலாறு. அச்சிட்டவர் உப்புக் காரம் சேர்த்திருப்பார், சந்தேகமில்லை. ஆனால் ஓய்வுபெற்ற படைவீரர்களைக் கவனிக்கும் லண்டன் செல்சீ மருத்துவமனை அவளுக்குப் படைவீரர் ஓய்வூதியம் கொடுத்தது, அது கதையல்ல.

அந்த வரலாற்றில் என்னைப் பிடித்துக்கொண்டது வேறொருத்தி. கடலூர் மருத்துவமனையில் ஹன்னாவுக்குப் பணிவிடை செய்த உள்ளூர்ப் பெண், பெயர் கிடையாது. அவளுக்கு மட்டும் உண்மை தெரியும். மருந்தும் துணியும் கொண்டுவந்து கொடுத்தாள், வாய் திறக்கவில்லை.

ஒன்பதாம் அத்தியாயத்தில் மோர் விற்கும் கிழவி சின்னத்தம்பியின் மூக்கையே ஒரு கணம் பார்த்துவிட்டுக் குவளையை நீட்டுகிறாளே, நினைவிருக்கிறதா? அவள் ஏன் காசு வாங்கவில்லை என்று இன்னொரு வாசகர் கேட்டிருந்தார். அவருக்கும் இதுதான் பதில்.